மணலைக் கடிக்கும் பல்

உலோகத்தின் உட்புறம் – பகுதி 11

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை வெளியே எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணில் ஐந்தாறு கன மீட்டரை முதலில் அகற்ற வேண்டும். எடைக்கணக்கில் அது பத்து டன்னை நெருங்கும் அல்லது தாண்டும். சுரங்கத்து இயந்திரங்களின் உழைப்பில் பெரும்பங்கு நிலக்கரிக்குப் போவதில்லை, மேல்மண்ணுக்கே போகிறது. மண் என்பதும் பேச்சுக்குத்தான். அங்கே இருப்பது கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் பெயரிட்ட அடுக்கு. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் புதைந்திருப்பதும் இதே பாறைத் தொகுதியில்தான். இரும்புக்கறை ஏறிச் சிவந்த மணல், களிமண், கூழாங்கல் எல்லாம் இறுகிக் கிடக்கும் கலவை அது. இங்கே சுரங்கம் நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் தன் சுரங்கங்களின் சிரமங்களைப் பட்டியலிடும்போதெல்லாம் இரண்டைத் தவறாமல் சொல்லும். ஒன்று, நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர். மற்றொன்று, கடினமும் உராய்வும் மிகுந்த இந்த மேல்மண். ஊற்றுநீரின் கதை நீரியலுக்குரியது. மேல்மண்ணின் கதை உலோகவியலுக்குரியது, ஏனென்றால் அந்த மணலோடு நேருக்கு நேர் மோதுவது பக்கெட்டின் பல்.

1930களில் நெய்வேலி நிலவுடைமையாளர் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கருப்பாக ஏதோ வந்த செய்தி ஊரறிந்தது. 1956 நவம்பர் 14-இல் என்.எல்.சி. நிறுவனம் பதிவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான்காண்டுக்கு மேல் தோண்டியது முழுவதும் மேல்மண். தோண்டிய விதம் இந்தியாவுக்குப் புதிது. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர், மைல்கணக்கில் ஓடும் கன்வேயர், மறுமுனையில் மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்பிரெடர் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக இயங்கும் முறை, நாட்டிலேயே முதன்முதலாக நெய்வேலியில்தான் நடைமுறைக்கு வந்தது. பெரிய சக்கரம் ஒன்று சுழலும். அதன் விளிம்பில் வரிசையாகப் பக்கெட்டுகள். ஒவ்வொரு பக்கெட்டின் உதட்டிலும் பற்கள். பக்கெட்டின் கொள்ளளவை வைத்தே எந்திரத்தை அழைப்பது அங்கே வழக்கம்: 350 லிட்டர், 700 லிட்டர், 1,400 லிட்டர்.

இந்தச் சக்கரம் ஐரோப்பாவின் தளர்ந்த மண்ணிலும் களியிலும் வளர்ந்து முதிர்ந்தது. நெய்வேலி மணற்பாறை அப்படிப்பட்ட மண்ணன்று. இறுகிய பகுதிகளில் துளையிட்டு வெடிவைத்து நெகிழ்த்திய பிறகே சக்கரத்தை விட வேண்டியிருக்கிறது. வெடிவைத்தால் பாறையின் பிணைப்பு உடையும். மணல்துகளின் கடினம் அப்படியேதான் இருக்கும். மணல் என்பது குவார்ட்ஸ். விக்கர்ஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் ஏறக்குறைய 1,000 முதல் 1,200 வரை. நன்றாகத் தோய்ச்சல் போட்ட எஃகு 600, 700 என்று நிற்கும். கார்பன் கூடிய எஃகு 800-ஐத் தொடும். எண்களைப் பார்த்தாலே மணல்துகள் பல்லைக் கீறும், பல் மணல்துகளைக் கீறாது என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கீறலுக்கு ஒரு கணக்கு உண்டு. உராயும் துகளின் கடினம் உலோகத்தின் கடினத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் தேய்மானம் விரைவாக நடக்கும். அதற்குக் கீழே வந்துவிட்டால் தேய்மானம் சட்டென்று சரியும். எனவே உலோகத்தின் கடினத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பதால் பெரிய பலனில்லை; மணலின் கடினத்தை எட்டிப்பிடிக்கும்போதுதான் பலன் தெரியும். 1950களில் சோவியத் ஆய்வாளர் குருஷ்சோவ் (அப்போதைய கட்சித் தலைவர் அல்லர், உராய்வியல் அறிஞர்) இன்னொன்றையும் காட்டினார். தூய உலோகங்களில் தேய்மான எதிர்ப்பு கடினத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. எஃகைத் தோய்ச்சல் போட்டுக் கடினப்படுத்தினாலோ அந்த அளவுக்கு உயர்வதில்லை. அடித்து இறுக்கிய உலோகத்தில் அது அறவே உயர்வதில்லை. ஒரே கடினம், வெவ்வேறு தேய்மானம். கடினம் எந்த வழியில் வந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது.

அடித்து இறுகும் உலோகங்களில் பெயர்பெற்றது, 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்த மாங்கனீசு எஃகு. சுமார் 1.2 விழுக்காடு கார்பனும் 12 விழுக்காடு மாங்கனீசும் கொண்டது. கல்லுடைக்கும் எந்திரத்தின் தாடைக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது, ஏனென்றால் ஒவ்வொரு மோதலிலும் மேற்பரப்பு மேலும் இறுகும். மணல் அப்படி மோதுவதில்லை, இழைக்கிறது. இழைப்பில் இறுகும் வாய்ப்பு வருவதற்குள் மேற்பரப்பு போய்விடும். கருங்கல் குவாரியில் கைகொடுக்கும் உலோகம் மணற்சுரங்கத்திலும் கைகொடுக்கும் என்று நம்பிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

எஃகால் முடியாததைக் கார்பைடு செய்யும். குரோமியமும் கார்பனும் சேர்ந்து உருவாகும், மூன்று கார்பனுக்கு ஏழு உலோக அணு என்ற விகிதமுள்ள கார்பைடின் கடினம் 1,300-ஐத் தாண்டி 1,600, 1,800 வரையும் போகும். அதாவது குவார்ட்ஸைவிட மேல். ஆனால் கார்பைடை மட்டும் வைத்துப் பல் செய்தால் முதல் கூழாங்கல்லிலேயே நொறுங்கிவிடும். கெட்டியான அடித்தளத்துக்குள் கார்பைடைப் பரப்பி நிறுத்த வேண்டும். காங்கிரீட்டில் ஜல்லி இருப்பதுபோல என்று சொன்னால் வேலை ஓரளவு புரியும்: ஜல்லி தேய்மானத்தைத் தாங்கும், சுற்றியுள்ள பூச்சு ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும். கார்பைடை எஃகுக்குள் பரப்பி வலிமை பெறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேல்சிறுவலூரில் வூட்ஸ் எஃகு உருக்கிய மூசைகளின் எச்சங்களை 1990களில் தொல்லுலோகவியலாளர் சாரதா ஸ்ரீனிவாசன் அடையாளம் கண்டார். அந்த எஃகின் பெருமையும் அதன் இரும்புக் கார்பைடில்தான் இருந்தது. நெய்வேலியும் அதே தென்னாற்காட்டில் இருந்த ஊர்தான்.

பல் முழுவதையும் கார்பைடு மிகுந்த உலோகத்தால் வார்ப்பதைவிட, உடல் கெட்டியான எஃகாகவும் தோல் மட்டும் கார்பைடாகவும் இருப்பது நல்லது. அந்தத் தோலை ஏற்றும் வேலைக்கு ஹார்டுஃபேசிங் என்று பெயர். 1907-இல் எல்வுட் ஹேய்ன்ஸ் காப்புரிமை பெற்ற கோபால்ட்-குரோமியக் கலவை பின்னர் ஸ்டெல்லைட் என்ற பெயரில் பரவி, இந்தத் தொழிலின் முதல் புகழ்பெற்ற பொருளானது. சுரங்கங்களுக்கு ஸ்டெல்லைட் விலை கட்டுப்படியாகாது. அங்கே ஆள்வது இரும்பை அடிப்படையாகக் கொண்ட, கார்பனும் குரோமியமும் மிகுந்த வெல்டிங் ராடு.

தேய்ந்த பல் ஒன்று பட்டறைக்கு வந்தால் முதல் வேலை, சுத்தம். ஒட்டிய களியும் துருவும் கிரைண்டரில் போகும். பழைய வெல்டிங் படிவில் பெயர்ந்து தொங்கும் பகுதி இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். அதன்மேல் புதிதாக ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே கழன்றுவிடும். ராடுகளை ஈரம் போக அடுப்பில் வைத்து எடுப்பார்கள். உடல் எஃகைப் பொறுத்து அதையும் முன்கூட்டிச் சூடாக்குவதுண்டு. சில வேளைகளில் இடையில் மெத்தைபோல ஒரு கெட்டியான துருப்பிடிக்கா எஃகு அடுக்கு. பிறகு கடினப் படிவு, வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் சிப்பிங் சுத்தியலால் கசடைத் தட்ட வேண்டும். பல் ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் கேட்கும். புதிதாகப் பழகுபவர் பதறுவார்; பழகிய வெல்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். படிவு குறுக்காக வெடிக்கும் சத்தம் அது. ஒன்றிரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றாக மெல்லிய விரிசல்கள் தோன்றும். சுருங்க முயலும் படிவும் சுருங்க விடாத உடலும் இழுத்துக்கொண்ட இறுக்கம் அந்த வழியாகத் தீர்ந்துவிடுகிறது. விரிசல் குறுக்கே நின்றால் கேடில்லை. படிவுக்கும் உடலுக்கும் நடுவே கிடையாக ஓடினால்தான் தோல் பாளம் பாளமாக உரியும்.

அந்தப் பல்லைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகளின் வரலாறு அப்படியே தெரியும். அடியில் உடல் எஃகு. அதன்மேல் உருகிய எல்லை. அங்கிருந்து வெப்பம் வடிந்த திசைக்கு எதிராக, மேல்நோக்கி நீண்டு வளர்ந்த படிகங்கள். அதற்கும் மேலே அறுகோண முகம் காட்டும் கார்பைடுக் கம்பிகள். ஒரே ராடால் ஏற்றிய படிவுதான் என்றாலும் முதல் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

காரணம் கலப்பு. மின்வில்லின் வெப்பத்தில் ராடு மட்டுமா உருகுகிறது? கீழே இருக்கும் உலோகமும் கொஞ்சம் உருகிச் சேர்கிறது. கைராடில் இந்தக் கலப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, 5 விழுக்காடு கார்பனும் 30 விழுக்காடு குரோமியமும் தரும் ராடைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.3 விழுக்காடு கார்பன் உள்ள எஃகின்மேல் முதல் அடுக்கில் நிற்பது 3.6 விழுக்காடு கார்பனும் 21 விழுக்காடு குரோமியமும்தான். இரண்டாம் அடுக்கில் அது 4.6-உம் 27-உம் ஆகும். மூன்றாவதில் 4.9-உம் 29-உம். இவை வெறும் வேதிக்கணக்கு அல்ல. 3.6 விழுக்காடு என்பது ஏறக்குறைய ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோட்டிலோ அதற்குக் கீழோ இருந்தால், உருகிய உலோகம் உறையும்போது முதலில் பிறப்பது ஆஸ்டினைட் என்னும் மென்மையான கிளைப்படிகம், கார்பைடு இடுக்குகளில் மெல்லியதாகப் பிறகு நிரம்பும். கோட்டைத் தாண்டினால் முதலில் பிறப்பதே பருத்த கார்பைடுக் கம்பி. முதல் அடுக்கோடு நிறுத்திய பல் எதிர்பார்த்த ஆயுளைத் தராததற்கும், இரண்டு மூன்று அடுக்கு போடச் சொல்வதற்கும் இதுவே காரணம். நான்கு, ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போனால் உள்ளிறுக்கம் கூடித் தோல் உரியத் தொடங்கும். மிச்சம் பிடிக்க நினைத்து ஒரே அடுக்கோடு விடுவதும், ஆயுள் கூட்ட நினைத்து ஆறு அடுக்கு போடுவதும் கடைசியில் ஒரே நட்டத்தில் முடியும்.

கலப்பின் விளையாட்டைத் தமிழ்நாட்டில் மிக நுணுக்கமாக ஆராய்ந்த இடம் கல்பாக்கம். வேக ஈனுலையின் பாகங்கள் திரவ சோடியத்துக்குள், உயர்ந்த வெப்பத்தில், ஒன்றோடொன்று உராய வேண்டும். அங்கே ஸ்டெல்லைட்டைப் போட்டால் அதிலுள்ள கோபால்ட் நியூட்ரான் பட்டு கதிரியக்கக் கோபால்ட்-60 ஆகிவிடும். பின்னாளில் பழுதுபார்க்கக் கிட்டப் போக முடியாது. ஆகவே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் குரோமியம், போரான், சிலிக்கன் கலந்த நிக்கல் கலவையைத் தேர்ந்தார்கள். துருப்பிடிக்கா எஃகின்மேல் அதைச் சாதாரண ஆர்கான் வெல்டிங்கில் ஏற்றியபோது, கலப்பு மிகுந்த அடிப்பகுதி இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் மென்மையாகவே கிடந்தது. தேவையான கடினத்தைக் காட்டப் படிவைத் தடிமனாக்க வேண்டும், தடிமனாக்கினால் வெடிக்கும். கலப்பு மிகக் குறைந்த பிளாஸ்மா வில் முறைக்கு மாறிய பிறகே இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. நெய்வேலிப் பல்லுக்கும் அணு உலைப் பாகத்துக்கும் விலையிலும் பொறுப்பிலும் ஒப்பே இல்லை. இரண்டிலும் கடினத்தைத் தீர்மானித்தது, ராடு பெட்டியில் அச்சிட்ட வேதிவிகிதம் அல்ல. அடுக்கு உறைந்த விதம்.

தோலை மட்டும் இப்படி ஏற்ற முடியுமானால் உடலையே ஏற்றி வளர்க்கலாமே என்ற எண்ணமும் பழையதுதான். அமெரிக்காவின் ரால்ஃப் பேக்கர் மின்வில்லால் உலோகத்தை அடுக்கி அலங்காரப் பொருள் செய்யும் முறைக்கு 1925-இல் காப்புரிமை பெற்றார். அணு உலைக்கான 79 டன் எஃகுப் பாகம் ஒன்றை முழுக்க வெல்டிங் படிவாலேயே கட்டிய வேலையை ஜெர்மானியர்கள் 1983-இல் பதிவு செய்தார்கள். 1990களின் நடுவில் ஆகன் நகரின் ஃபிரான்ஹோஃபர் லேசர் நிறுவனம், உலோகத் தூளை மெல்லியதாகப் பரப்பி லேசரால் உருக்கும் முறையை வளர்த்தெடுத்தது. ஆகன் நகரத்தை அடுத்தே ரைன்லாந்துப் பழுப்பு நிலக்கரி வயல்கள் கிடக்கின்றன. பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்களின் தாய்வீடு அது. முப்பரிமாண அச்சு என்று இன்று பேசப்படும் உலோகத் தொழிலின் ஒரு வேர், சுரங்கத்துச் சக்கரம் சுழலும் வட்டாரத்திலேயே இருக்கிறது.

அச்சு என்ற சொல்லில் மயங்காமல் பார்த்தால் இது வெல்டிங்தான். கம்பியை மின்வில்லால் உருக்கி அடுக்கும் முறையில் ஒவ்வோர் அடுக்கும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். மணிக்குக் கிலோக் கணக்கில் உலோகம் ஏறும். நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையம் துருப்பிடிக்கா எஃகுச் சுவர்களை இம்முறையில் எழுப்பி ஆராய்ந்து வருகிறது. இத்தகைய சுவர்களில் பொதுவாகத் தென்படுவது, அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஓடும் நீண்ட படிகங்கள். புதிய அடுக்கு கீழடுக்கின் தலையை உருக்குகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் படிகத்தின் திசையைப் பிடித்துக்கொண்டே புதியது வளர்கிறது. அதனால் கிடையாக வெட்டிய மாதிரியும் செங்குத்தாக வெட்டிய மாதிரியும் ஒரே வலிமை காட்டுவதில்லை. உருட்டிய தகட்டுக்கும் திசைபேதம் உண்டு; இங்கே அது கூடுதல். மேலடுக்கின் சூடு கீழடுக்கை மீண்டும் மீண்டும் பதப்படுத்துவதால், கடினப்படும் எஃகு என்றால் அடியும் உச்சியும் ஒரே பொருளாகவே இருப்பதில்லை.

தூள் படுகை முறையில் எல்லா அளவும் சுருங்கிவிடுகிறது. அடுக்கு 30 முதல் 60 மைக்ரான், அதாவது தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. உருகும் குட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம். அது நொடிக்கு லட்சம், பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்கிறது. அத்தனை வேகத்தில் உறைந்த 316எல் துருப்பிடிக்கா எஃகுக்குள் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அறைகள் நெருக்கமாக நிரம்பியிருக்கும். அவற்றின் சுவர்களில் படிகப் பிழைகள் சிக்குண்டு கிடக்கும். உருட்டிப் பதப்படுத்திய அதே எஃகு 200, 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்றால், தூளிலிருந்து வளர்த்தது 450, 500-க்கு மேலும் தாங்கும். வேதிவிகிதம் மாறவில்லை, உள்ளே சுவர்கள் கூடியிருக்கின்றன. நீளும் தன்மை பெரிதாகக் குறையாமலே இந்த வலிமை கிடைப்பது உலோகவியலாருக்கு உண்மையிலேயே வியப்பான செய்தி, ஏனென்றால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பதே நெடுங்காலப் பாடம்.

எல்லாக் கலவையும் இத்தனை பெருந்தன்மையாக நடந்துகொள்ளாது. விமானத் தொழிலின் டைட்டானியம்-அலுமினியம்-வனேடியம் கலவை வேகமாகக் குளிரும்போது ஊசி ஊசியான மார்ட்டன்சைட்டாக மாறிவிடும். வலிமை ஏறும், நீட்சி போய்விடும். பிறகு உலையில் வைத்து மெள்ளச் சரிப்படுத்த வேண்டும். 718 எண்ணுள்ள நிக்கல் கலவையில் நையோபியம் கடைசியாக உறையும் இடுக்குகளில் ஒதுங்கி, லாவ்ஸ் எனப்படும் நொறுங்கும் கட்டத்தை உண்டாக்கும். அதை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கரைத்து, பிறகு 700 டிகிரி அளவில் நெடுநேரம் முதிரவைத்தால்தான் அந்தக் கலவைக்கு உரிய வலிமைத் துகள்கள் உள்ளே படியும். அச்சு எந்திரத்திலிருந்து எடுத்த பொருள் பாதிப் பொருள்தான்.

தமிழ்நாட்டில் இந்த அச்சு முறையின் பெரிய சோதனைகளில் ஒன்று மகேந்திரகிரியில் நடந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட என்ஜினை லேசர் தூள் முறையில் வளர்த்து, 2024 மே 9 அன்று இஸ்ரோ 665 நொடி எரித்துப் பார்த்தது. 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமானது. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ தகடும் அடித்த உலோகமும் வேண்டியிருந்த இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானது. வெல்டிங் இணைப்பை ஒழித்ததும் ஒருவகை வெல்டிங்தான் என்பது இதில் வேடிக்கை. அதே மாதம் 30-ஆம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட என்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது.

என்ஜினில் நெய்வேலிப் பல்லின் சலுகை கிடையாது. பல்லில் குறுக்கு விரிசல் எதிர்பார்த்த ஒன்று. என்ஜின் சுவரில் ஒரு விரிசல் இருந்தாலே அந்தப் பாகம் கழிவு. லேசரின் சக்தி குறைந்தால் அடுக்குகளுக்கு இடையே உருகாத தூள் தட்டையான இடைவெளியாகத் தங்கும். சக்தி கூடினால் குட்டை ஆழமாகக் குழிந்து உலோக ஆவி உருண்டைத் துளையாகச் சிக்கும். இழுத்துப் பார்க்கும் சோதனையில் இந்தத் துளைகள் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. ஏறி இறங்கும் சுமையில், லட்சக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு, மேற்பரப்பை ஒட்டிய ஒரே துளையிலிருந்து விரிசல் கிளம்பும். ஆகவே முக்கியமான பாகங்களை அழுத்தமேற்றிய ஆர்கான் வாயுவில் சூடாக்கித் துளைகளை மூடச் செய்வதும், எக்ஸ் கதிர் அடுக்குப்படம் எடுப்பதும், சொரசொரப்பான மேற்பரப்பைச் சீராக்குவதும் உற்பத்திச் செலவிலேயே சேர்ந்துவிடுகின்றன.

சுரங்கத்துப் பல்லைத் தூளிலிருந்து முழுதாக வளர்க்க இன்று தொழில்நுட்பத் தடை இல்லை. தடை விலையில் இருக்கிறது. மணலில் கரைந்துபோகவே செய்யப்படும் பாகம் அது. அதன் உடலுக்கு அடித்த எஃகோ வார்ப்போ போதும். நுணுக்கம் தேவைப்படுவது தோலின் சில மில்லிமீட்டரில் மட்டும். அங்கே கைராடுக்குப் பதில் உட்புறம் தூள் அடைத்த கம்பி, பிளாஸ்மா, லேசர் என்று கலப்பைக் குறைக்கும் வழிகள் வந்திருக்கின்றன. டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கரையவிடாமல் படிவுக்குள் நிறுத்துவதும் அவற்றில் ஒன்று. எது கட்டுப்படியாகும் என்பதை, பல் மாற்றுவதற்காகச் சக்கரம் நிற்கும் நேரத்தின் விலையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். ஒரு சக்கரம் நின்றால் அதன் பின்னே ஓடும் கன்வேயரும் ஸ்பிரெடரும் வெறுமனே நிற்கும்.